முல்லைத் திணையில் ஒரு ட்ரோன்: கோவில்பட்டிப் பங்கு விவாதம் குறித்த ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பங்குச் சந்தை பிற்பகல் 3.30 மணிக்கு மூடுகிறது. மறுநாள் காலை 9.15 வரை விலை அசையாது. இது மும்பைக்காரர்களின் கருத்து. கோவில்பட்டியில் நிலைமை வேறு. இங்கே 3.30-க்குப் பிறகுதான் விலை அசையவே தொடங்குகிறது. நாலரைக்கு ஒரு டீ, ஐந்துக்கு ஒரு வடை, விளக்கு வைக்கும் நேரத்தில் பங்கு எழுநூறைத் தாண்டிவிடும். காலையில் சந்தை திறந்ததும் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே பங்குக்குப் பகலில் ஒரு விலையும் அந்தியில் ஒரு விலையும் எப்படி வந்தன என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

ஆய்வுக்களம் எட்டயபுரம் சாலையில் இரண்டு பெஞ்சு போட்ட ஒரு டீக்கடை. காலம் ஆவணி முதல் கார்த்திகை வரை. தகவலாளர் ஐவர்: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை, உரக்கடை அண்ணாச்சி, ஆறு ஏக்கர் கரிசல்காட்டுக்காரர், கடலைமிட்டாய்க் கடைக்காரர். டீ மாஸ்டரை ஆறாவது தகவலாளராகச் சேர்க்க நேர்ந்த காரணம் பின்னர் விளங்கும். ஆய்வாளரிடம் மேற்படி பங்கு ஒன்றுகூடக் கிடையாது. இதை ஆய்வாளர் நடுநிலைமைக்குச் சான்றாகக் கருதினார். தகவலாளர்கள் விவரம் போதாமைக்குச் சான்றாகக் கருதினர்.

2. ஆய்வுப் பொருள்

பொருள், ஐடியாஃபோர்ஜ் டெக்னாலஜி. மும்பை ஐஐடியில் படித்தவர்கள் 2007-ல் தொடங்கிய கம்பெனி. நவி மும்பையிலிருந்து ராணுவத்துக்கும் போலீசுக்கும் ட்ரோன் செய்து தருகிறது. நம் 'நண்பன்' படத்துக்கு மூலமான '3 இடியட்ஸ்' (2009) என்ற இந்திப் படத்தில் பறப்பது இவர்கள் செய்த ட்ரோன்தான். 2021 ஜனவரியில் இவர்களின் 'ஸ்விட்ச்' ரக ட்ரோன்களுக்காக ராணுவம் சுமார் 2 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2023 ஜூன் கடைசியில் ஐபிஓ வந்தது. பங்கு 672 ரூபாய். ஒரு லாட்டுக்கு 22 பங்கு. ஆக 14,784 ரூபாய். விண்ணப்பங்கள் 106 மடங்கு குவிந்ததால், சிறு முதலீட்டாளரில் யாருக்குப் பங்கு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஜூலை 7-ஆம் தேதி தேசியப் பங்குச் சந்தையில் 1,300 ரூபாய்க்குத் திறந்தது.

அடுத்த ஆண்டே வெளியீட்டு விலைக்குக் கீழே போய், 2025 மார்ச்சில் முந்நூறை ஒட்டி வந்து நின்றது. காரணத்தில் ரகசியம் ஒன்றுமில்லை. வாங்குகிற பெரிய கை அரசாங்கத்தின் கை. அது டெண்டர் விடும், பறக்கவிட்டுச் சோதிக்கும், மறுபடி சோதிக்கும், பிறகு யோசிக்கும். 2023–24-ல் 314 கோடியாக இருந்த வருமானம், மறு ஆண்டு 161 கோடியாகச் சுருங்கியது. 45 கோடி லாபம் இருந்த இடத்தில் 62 கோடி நஷ்டம் உட்கார்ந்தது.

இந்த வரவுசெலவைப் பொருளாதார நிபுணர்கள் பல பக்கங்களில் விளக்கியிருக்கிறார்கள். கரிசல்காட்டுக்காரர் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "கிணறு இல்லாத கம்பெனி சார், மானாவாரி."

3. கோட்பாட்டுச் சட்டகம்

தொல்காப்பியர் தம் திணைகளில் கரிசலுக்கென்று தனியிடம் ஒதுக்கவில்லை. மலை கிடையாது, கடல் தொலைவு, வயல் என்று சொல்லிக்கொள்ள ஆற்றுப் பாசனம் இல்லை. பாலை என்றால் உள்ளூர்க்காரருக்குக் கோபம் வரும். ஆனால் கரிசல்காரர் தம் புஞ்சையைக் 'காடு' என்றே சொல்கிறார்கள். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. முல்லைக்குப் பெரும்பொழுது கார், அதாவது ஆவணியும் புரட்டாசியும். நம் பக்கத்து மானாவாரி விதைப்பும் அந்தப் பட்டத்தை ஒட்டித்தான். சிறுபொழுது மாலை; சந்தை மூடி டீக்கடை நிறையும் நேரம். உரிப்பொருள் இருத்தல். தலைவன் அரசனுக்காகப் பாசறைக்குப் போயிருக்கிறான். கார்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனான். தலைவி ஆற்றியிருக்கிறாள்.

இங்கேயும் 14,784 ரூபாய் ராணுவத்தை நம்பிப் போயிருக்கிறது. அடுத்த குவார்ட்டருக்குள் வந்துவிடும் என்று சொல்லித்தான் போனது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய் விரிச்சி கேட்கிறார்கள். தாயைத் தேடும் கன்றிடம் உன் தாய் இதோ வந்துவிடும் என்று ஓர் ஆயர்குலப் பெண் சொல்வது காதில் விழுகிறது. அதை நற்சொல்லாகக் கொண்டு வந்து தலைவியைத் தேற்றுகிறார்கள். கணக்குப்பிள்ளை மாலைதோறும் மொபைலைக் காதில் வைத்துக் கேட்கும் வணிகத் தொலைக்காட்சியும் இதே வேலையைச் செய்கிறது. யாரோ யாருக்கோ, வேறு ஏதோ பங்கைப் பற்றி, "டிஃபென்ஸ் துறைக்கு எதிர்காலம் இருக்கிறது" என்று சொல்கிறார். இவர் மலர்ந்து போகிறார். கன்றுக்குட்டிக்குச் சொன்னதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மரபு இன்னும் அறுபடவில்லை.

4. தகவலாளர் வகைமை

(அ) விற்றால்தான்-நஷ்டக் கொள்கையர். இக்கொள்கையின் ஆசாரியர் வாத்தியார். "விக்காத வரைக்கும் நஷ்டம்னு ஒண்ணு கிடையாது மாப்ள" என்பது அவருடைய மூல சூத்திரம். நஷ்டம் மாயை, விற்கும் நொடியில்தான் அது உருவெடுக்கிறது. தத்துவ நோக்கில் இது அத்வைதத்துக்கு மிக அருகில் வருகிறது. கழித்தல் குறியை விட்டுவிட்ட பையன்களின் காதை முப்பது வருஷம் திருகியவர், தன் கணக்கில் இருக்கும் கழித்தல் குறியைப் பார்க்க மறுப்பது மட்டும் ஆய்வுக்கு எட்டவில்லை.

(ஆ) மறுவிதைப்பாளர். சந்தை மொழியில் 'ஆவரேஜ் பண்ணுகிறவர்'. கரிசல்காட்டுக்காரர் 672-ல் கிடைத்ததோடு நிற்காமல் ஐந்நூறிலும் நானூறிலும் வாங்கினார். "மொத விதைப்பு காஞ்சு போச்சுன்னா மறுவிதைப்புப் போடத்தானே செய்றோம்?" வாதம் வலுவானது. ஆனால் ஒரு வேறுபாட்டை ஆய்வாளர் பதிவு செய்கிறார். காட்டில் கார்த்திகை பிறந்துவிட்டால் பட்டம் தப்பிவிட்டது என்று விதைப்பெட்டியைத் தூக்கி வைத்துவிடுவார்கள். பங்குக்குப் பட்டம் தப்புவது என்று ஒன்றை யாரும் இவருக்குச் சொல்லித் தரவில்லை.

(இ) எல்லைவாதி. உரக்கடை அண்ணாச்சி வடமேற்கு எல்லையைத் தன் கடை வாசலைப்போல் கவனித்து வருபவர். 2025 மே மாதம் சிந்தூர் நடவடிக்கையை ஒட்டி ட்ரோன் பங்குகள் எல்லாம் துள்ளின, ஐடியாஃபோர்ஜும் துள்ளியது. ஜூன் மாதம் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து சுமார் 137 கோடிக்கு ஆர்டரும் வந்தது. அண்ணாச்சி அன்று எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார். பிறகு அவர் மனசாட்சியே அவரை உறுத்தியிருக்க வேண்டும். "சண்டை வேண்டாம் சார், பிள்ளைகுட்டி இருக்கிற நாடு. லேசா ஒரு பதட்டம் இருந்தாப் போதும்" என்று தம் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டார். பதற்றம் எத்தனை நாள் நீடித்தால் பங்கு 672-ஐத் தொடும் என்ற கணக்கை வாத்தியார் போட்டுக் கொடுத்தார்.

(ஈ) தப்பியவர். கடலைமிட்டாய்க் கடைக்காரர் லிஸ்டிங் அன்றைக்கே 1,300-க்கு விற்றுவிட்டார். 22 பங்குக்கு 13,816 ரூபாய் லாபம். கடைக்குப் புது ஷட்டர் போட்டுக்கொண்டார். அதனாலேயே விவாதத்தில் அவருக்குப் பேச்சுரிமை கிடையாது. வாய் திறந்தால், "உங்களுக்கென்ன அண்ணாச்சி, நீங்க லாங் டெர்ம் பாக்காத ஆளு" என்று அடக்கிவிடுகிறார்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கை அவர் பொட்டலமாகக் கொண்டு வருவதால் உட்கார மட்டும் இடம் தருகிறார்கள்.

(உ) கொடுப்பினை இல்லாதவர். டீ மாஸ்டர். விண்ணப்பித்தார், குலுக்கலில் பெயர் வரவில்லை, பணம் அப்படியே அவர் கணக்கில் இருந்தது. ஆறு பேரில் இந்தப் பங்கால் லாபமோ நஷ்டமோ காணாத ஒரே ஆள். ஆறு பேரில் அதிகம் வருந்துகிறவரும் இவரே. "நமக்கு அந்த ராசி இல்ல" என்று டீயை ஆற்றும்போதெல்லாம் சொல்கிறார். மற்றவர்கள் அவரைத் தேற்றுகிறார்கள்.

5. வரலாற்று முன்னுதாரணம்

போரை வைத்துப் பங்கு ஏறுவதைப் புதுச் சங்கதி என்று நினைப்பவர்கள் தங்கள் காலடி மண்ணை அறியாதவர்கள். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பஞ்சு நின்றதும் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சுக்கு அலைந்தன. நம் கரிசல் பஞ்சுக்கு லிவர்பூல் சந்தையில் 'டின்னவெல்லி' என்றே பெயர். பஞ்சு ஏற்றுமதியில் பணம் வெள்ளமாக வந்த பம்பாயில் அந்தப் பணம் பங்குகளுக்குள் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனி என்றார்கள், பாங்கு என்றார்கள். பெயர் வைத்த கம்பெனியெல்லாம் ஏறியது.

1865-ல் போர் முடிந்தது. உலகம் மகிழ்ந்தது, பம்பாய் படுத்துவிட்டது. 2,850 ரூபாய் வரை போயிருந்த பாங்க் ஆஃப் பாம்பே பங்கு 87 ரூபாய்க்குத்தான் விலைபோனது.

இதை டீக்கடையில் எடுத்துரைத்தபோது கணக்குப்பிள்ளை கேட்ட கேள்வி: "87-ல வாங்கினவன் இருப்பான்ல சார்?" முன்னுதாரணங்களால் பயன் இல்லை என்று ஆய்வாளர் அன்று குறித்துக்கொண்டார்.

6. ஒப்பீட்டுப் பொருள்: தீப்பெட்டி

எந்த ஆய்வுக்கும் ஒப்பிட ஒரு பொருள் வேண்டும். விலை அசையாத பொருளாகத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டோம். 1995-ல் 25 பைசாவிலிருந்து 50 பைசா ஆனது. 2007-ல் ஒரு ரூபாய். பிறகு பதினான்கு வருஷம் கழித்து, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய். இடையில் மெழுகும் அட்டையும் குளோரேட்டும் ஏறிய ஏற்றத்தையெல்லாம் இந்தப் பட்டணத்து ஆபீஸ்கள் தாங்கிக்கொண்டன. பங்கு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அசைகிற அளவை அசைய, தீப்பெட்டிக்கு ஒரு தலைமுறை பிடிக்கிறது.

இதில் நம் கவனத்துக்குரியது ஒன்று. ஐபிஓ நடந்த அதே 2023 ஜூன் கடைசியில்தான், 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. கணக்குப்பிள்ளையின் சோற்றைத் தொட்ட செய்தி அது. அந்த வாரம் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று விசாரித்தோம். அலாட்மென்ட் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

7. மண்ணியல் காரணம்

இத்தனைக்குப் பிறகும் ஏன் காத்திருக்கிறார்கள்? விடை மண்ணில் இருக்கிறது. கரிசல் மண்ணின் களிமம் நீர் பட்டால் உப்பும். காய்ந்தால் கால் நுழையும் அளவு வெடிக்கும். ஆனால் ஒரு நல்ல மழையைக் குடித்துவிட்டால் அந்த ஈரத்தை அடிமண்ணில் வாரக்கணக்கில் வைத்திருக்கும். மேலே ஒரு சொட்டு விழாவிட்டாலும் பருத்தியும் கொத்தமல்லியும் அந்தப் பழைய ஈரத்திலேயே தலையெடுக்கும். கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வைத்து இந்த மண்ணை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர்கிறோம்.

2023 ஜூலை 7 காலையில் பெய்தது ஒரே மழை. 1,300 என்ற அந்த ஈரம் இன்னும் அடியில் நிற்கிறது. முந்நூறு, நானூறு என்பதெல்லாம் மேல்மண் வெடிப்பு. அந்த வெடிப்பில் நின்றுகொண்டே காலுக்கடியில் ஈரம் இருப்பதாக நம்புவதற்கு இவர்கள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. பாட்டன் காலத்துப் பழக்கம். அந்தியில் டீக்கடையில் நடப்பது விலைக் கணிப்பு அன்று. ஈரம் இருக்கிறதா என்று குச்சியை விட்டுப் பார்ப்பது. ஒரு ஆள் மட்டும் பார்த்தால் பயமாக இருக்கும். ஆகவே ஐந்து பேர் கூடிப் பார்க்கிறார்கள். பகல் விலைக்கும் அந்தி விலைக்கும் உள்ள வேறுபாடு அந்த நாலு பேர் துணையின் மதிப்பு.

8. முடிவுரைக்கு இடையூறான ஒரு நிகழ்வு

இவ்வளவில் கட்டுரையை முடித்திருக்கலாம். கார்த்திகையில் ஒரு நாள் கரிசல்காட்டுக்காரரோடு அவர் உளுந்துக் காட்டுக்குப் போக நேர்ந்தது. மருந்தடிக்க ஒரு பையன் வேனில் ட்ரோன் கொண்டு வந்திருந்தான். ஏக்கருக்கு 600 என்றான். இவர் வரப்பில் குந்திக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

"டேங்கு எத்தனை லிட்டர்டா தம்பி?"

"பத்து லிட்டர் அண்ணாச்சி."

"ஒரு பேட்டரி எத்தனை ஏக்கருக்குத் தாங்கும்? காத்தடிச்சா மருந்து பக்கத்துக் காட்டுக்குப் போயிருமே? பாதியில நின்னா ரிப்பேர் யாரு பாப்பா? போன வருஷம் யாரு காட்டுல அடிச்ச, அவுக நம்பரைக் குடு."

நம்பருக்குப் போன் போட்டு விசாரித்தார். அரை மணி நேரம் பேசி 550-க்கு இறக்கினார். ஆறு ஏக்கருக்கு மிச்சம் 300 ரூபாய்.

ட்ரோன் எழும்பி உளுந்துக்கு மேல் போனது. நவி மும்பைக் கம்பெனியின் பங்கை வாங்கும்போது இதில் ஏதாவது ஒரு கேள்வியைக் கேட்டீர்களா என்று ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார். கரிசல்காட்டுக்காரர் கொஞ்ச நேரம் ட்ரோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு யாருட்ட சார் போன் போட?" என்றார். பிறகு மொபைலைப் பார்த்துவிட்டு எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"மூணரை ஆயிருச்சு. வாங்க, வாத்தியார் வந்திருப்பாரு."