வேலியே பயிரை மேய்ந்தால்...

கேள்வி: போராட்டத்தை அடக்குவது அந்தந்த நாட்டின் உள்விவகாரம்தானே? ஐ.நா. ஏன் மூக்கை நுழைக்கிறது?
– வாசகர், திருச்சி

பதில்: சுட்டவரிடமே போய்ப் புகார் கொடுக்க முடியுமா? 2024 ஜூலை 16 அன்று வங்கதேசத்தின் ரங்பூரில் நடந்த போராட்டத்தில் மாணவர் அபு சயீத் இரு கைகளையும் விரித்து நின்றார். கையில் ஒரு குச்சி மட்டும். எதிரே போலீஸ் துப்பாக்கி. உலோகச் சிறுகுண்டுகள் பாய்ந்து இறந்தார். அந்த ஜூலை, ஆகஸ்டில் 1,400 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025-ல் மதிப்பிட்டது. அவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் குழந்தைகள்! உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் உயிர் பறிக்கும்படி சுடலாம் என்பது 1990-ல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. நெறி. வேலியே பயிரை மேய்ந்தால் ஊர் கேட்கத்தான் வேண்டும். இங்கே ஊர் என்பது உலகம்.