வால்பாறைக்கு வந்த அமைதி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் சைக்கிளில் ஏறிக் காட்டின் அமைதியைத் தேடும் நகரத்து அன்பர்களை மெச்சத்தான் வேண்டும். அமைதி சலித்துவிடாதிருக்கக் கைப்பிடியில் ஒரு ஸ்பீக்கர். பின்னாலேயே தண்ணீர், வாழைப்பழம், மாற்று டியூப், மைத்துனர் சகிதம் ஒரு டீசல் கார். புகையில்லாப் பயணத்துக்குச் சாட்சி வேண்டாமா?

ஒன்பதாவது வளைவில் வரையாடு நின்றது. நின்று பார்த்தால் சராசரி வேகம் குறையும். நம்மவர் குறைய விடவில்லை.

உச்சியில் பார்த்தால், கைக்கடிகாரம் வழியிலேயே சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. பதிவாகாத மலையை ஏறினேன் என்று எப்படிச் சொல்வது? நேர்மையானவர். சார்ஜ் ஏற்றிய கடிகாரத்தை மைத்துனர் கையில் கட்டி, சைக்கிளையும் கொடுத்து, அடிவாரத்திலிருந்து மறுபடி ஏறச் செய்தார். அவருடைய கணக்கில் இதுவரை அதுதான் மிகச் சிறந்த நேரம்.