மணிக்குக் காது கேட்கிறதாம்

இன்று காலை மேல்வீட்டுக்காரர் எங்கள் எவர்சில்வர் தாம்பாளத்தை மணியின் பின்மண்டைக்கு நேராகப் பிடித்து, தோசைக் கரண்டியால் ஓங்கி ஓர் அடி அடித்தார். மணி திரும்பினான். “பாத்தீங்களா சார், கேக்குது!” என்றார். தாம்பாளம் என் மனைவிக்குச் சீராக வந்தது. இப்போது நடுவில் நெளிந்திருக்கிறது.

மணிக்குக் காது கேட்காது. ராஜபாளையம் நாய், 2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த ஜாதி. உடம்பு முழுக்கப் பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். ஒரு புள்ளி தெரிந்தாலும் வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். அதனால் வெள்ளைக்கும் வெள்ளைக்கும் ஜோடி சேர்த்துக்கொண்டே போகிறார்கள். தோலுக்கு நிறம் தருகிற அதே அணுக்கள் உட்காதுக்கும் வேண்டும். அவை அங்கே இல்லாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே காது போய்விடுகிறது. பெண் பார்க்கப் போகும்போது நம் ஆட்கள் காட்டுகிற புத்திதான். நாயை மட்டும் விட்டுவைப்பார்களா? காசு கொடுத்து வாங்கியவர் விஷயம் தெரிந்ததும் ‘வேஸ்ட்டு’ என்று கைகழுவினார். நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தோம்.

வந்த நாளிலிருந்து சோதனைதான். காது கேட்காது என்று சொன்னால் “அப்படியா” என்று போகிற மனிதர் இந்த மதுரையில் ஒருவரும் இல்லை. நீங்களும் போகமாட்டீர்கள், எனக்குத் தெரியும். பால்காரர் விசிலடித்தார். சித்தப்பா பூஜையறை மணியை ஆட்டினார், மணிக்கு மணி. சிலிண்டர் போடுகிறவர் ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டினார். கீழ்வீட்டு நாய்தான் குரைத்தது. எதிர்வீட்டுப் பையன் செல்போனில் நாதஸ்வரம் வைத்தான். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் குனிந்து, ஊருக்கே தெரியாத ரகசியம்போல “பிஸ்கட்” என்றார். சத்தமாகச் சொன்னால்தான் கேட்காதாம். கோயம்புத்தூர் மச்சான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “தமிழ்ல கூப்பிட்டா எப்படி மாமா வரும்? ‘கம் ஹியர்’னு சொல்லுங்க” என்றான். சொல்லியும் காட்டினான். மணி வந்தான். மச்சான் கையில் முறுக்கு இருந்தது.

வந்துவிடுகிறானே, அதுதான் வினை. தட்டை வீசினால் காற்று முதுகில் படுகிறது. ஆள் நகர்ந்தால் நிழல் விழுகிறது. கைதட்டுகிற கையில் காராபூந்தி வாசனை. காது போன நாய்க்கு மற்றதெல்லாம் விழித்துக்கொண்டிருக்கும், ஐயா! நாய்க்குக் கேட்கிறதா என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்கென்றே மெஷின் உண்டு. தலைத்தோலில் மெல்லிய ஊசிகளைச் செருகி, காதில் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுத்து, மூளை பதில் சொல்கிறதா என்று கோடு போட்டுக் காட்டும். இரண்டு காதையும் தனித்தனியாகப் பார்க்கலாம். மேல்வீட்டுக்காரருக்கு இதைப் பொறுமையாக விளக்கினேன். “எதுக்கு சார் வீண் செலவு, தாம்பாளம் இருக்குல்ல” என்றார்.

அவனைப் பழக்கிய விதத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வேட்டை நாய் ரத்தம். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவன் ஓடுகிற ஓட்டத்தில் டீப்பாய்க்கு ஒரு கால் போயிற்று. தெருவில் சங்கிலியை விட்டால் திரும்பக் கூப்பிட வழியில்லை, ஆகவே விடுவதில்லை. தரையை ஓங்கி மிதித்தால் அதிர்வில் திரும்பிப் பார்ப்பான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மரத்தரை போட்ட சீமையில் எழுதியது. நம் கான்க்ரீட்டில் மிதித்தால் குதிகால்தான் அதிர்கிறது. அப்புறம் கீழ்வீட்டு அம்மா. இருட்டிய பிறகு டார்ச் அடித்துக் கூப்பிடுகிறோம். தூங்கும்போது திடுக்கென்று தொடக்கூடாது. மூக்கருகே தின்பண்டத்தைக் காட்டி எழுப்ப வேண்டும். இந்த வீட்டில் எனக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

மற்றதெல்லாம் கைஜாடை. உள்ளங்கையைக் காட்டினால் நில், கையைக் கீழே இறக்கினால் உட்கார். பிடிக்காத கட்டளை என்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். பார்க்காத ஜாடை செல்லாது என்கிற சட்டம் அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்ததோ. நான் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடி, முகத்துக்கு நேரே போய் நின்று ‘உட்கார்’ என்று கையை ஆட்டுகிறேன். பால்கனியிலிருந்து பார்க்கிறவர்கள் என் மனைவியிடம் என் உடல்நிலையை விசாரிக்கிறார்கள்.

சொன்னபடி செய்துவிட்டால் ‘சபாஷ்’ என்பதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும். வீட்டுக்குள் அதில் ஒரு தொல்லையும் இல்லை. பைபாஸ் ரோட்டோரம் நின்று காட்டிப்பாருங்கள். லாரி ஸ்லோ பண்ணுகிறது. ஷேர் ஆட்டோ ஓரங்கட்டி, “பெரியாரா, மாட்டுத்தாவணியா?” என்கிறது. நேற்று டிவிஎஸ் ஃபிஃப்டியில் போன பெரியவர் ஒருவர் பிரேக் போட்டு, “ஏறுங்க தம்பி, எங்க போகணும்?” என்றார். லிஃப்ட் இல்லை, நாய்க்குச் சபாஷ் சொன்னேன் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே மணி முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான்.