பின்னாடி கருப்பு அடிச்சிரலாம்

ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று எழுதிய பலகைக்குக் கீழே அவர் உட்கார்ந்திருப்பார். எந்த ஊருக்குப் போனாலும் இந்த அண்ணன் ஒருவர் உண்டு. போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நாம் வாய் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "பின்னாடி கருப்பு அடிச்சிரலாம் தம்பி. ரிச்சா இருக்கும்."

அவர் கணினியில் ஓடுவது போட்டோஷாப் 7.0. 2002-இல் வந்தது. அதற்கப்புறம் அடோபிக்காரர்கள் பட்ட பாடெல்லாம் வீண் என்பது அவர் கட்சி. பென் டூலை எடுத்துக் காதோரம், கழுத்து, தோள்பட்டை என்று புள்ளி புள்ளியாக வைத்து ஆளைச் சுற்றி வருவார். வெட்டிய ஆளைத் தனி லேயராக்கி, அடியில் இன்னொரு லேயர் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 கொடுப்பார். பீரோ, காலண்டர், கொடியில் காய்ந்த லுங்கி, பக்கத்தில் நின்ற சித்தப்பா எல்லாரும் காலி. தோளில் கிடந்த சித்தப்பாவின் விரல்கள் மட்டும் மிச்சம்.

"மாலை ஒண்ணு போட்டா மறைஞ்சிரும்."

"அண்ணே, ஆளு உயிரோட இருக்காருண்ணே!"

"மாப்பிள்ளைக்கும்தான் மாலை போடுறாங்க."

கருப்பின் மேல் இந்தக் காதல் சும்மா வந்ததில்லை. முடியை இழை இழையாக வெட்டி எடுப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய நரகம். வெள்ளைப் பின்னணியில் கோணல் வெட்டு அத்தனையும் பல்லிளிக்கும். கருப்பிலோ, நம் ஊர்த் தலை எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. கருப்புச் சட்டை போட்டு வந்தால் இன்னும் சௌகரியம். ஐயப்பனுக்கு மாலை போட்டவரும் திராவிடர் கழகத்துக்காரரும் அவர் கடையில் ஒரே மாதிரி முகமும் கையுமாக மிதப்பார்கள்.

அவருக்கு ஒரே எதிரி நரைத்த தாத்தா. வெட்டிய இடமெல்லாம் தெரியும். பழைய சுவரின் வெளுப்பு விளிம்பில் ஒட்டிக்கொண்டு தாத்தாவை மகான் ஆக்கிவிடும். டீஃப்ரிஞ்ச் போட்டுப் பார்ப்பார், பர்ன் டூலால் தேய்ப்பார். ஒன்றும் நடக்காவிட்டால் தாத்தாவுக்கு டை அடித்துவிடுவார். தாத்தா இரண்டு காப்பி கூடுதலாகக் கேட்டு வாங்கிப் போவார்.

ஆனால் ஆளைக் குறைத்து எடை போடக் கூடாது. வெறும் கருப்பு மை மட்டும் விட்டால் ஃபிளெக்ஸில் சாம்பல் பூத்தாற்போல் வரும் என்பதும், சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 கலந்து அதன்மேல் கருப்பு 100 விட்டால்தான் கும்மிருட்டு கிடைக்கும் என்பதும் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். பட்டம் வாங்கிய டிசைனர்களே இதில் கோட்டை விட்டுப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பையன்கள் செல்போனில் ஒரே தட்டில் பின்னணியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார்.

"கருப்பு போடத் தெரியுதா அதுக்கு?"

"தெரியும்ணே. எந்தக் கலர் வேணும்னு கேக்கும்."

"கேக்குதுல்ல? அப்ப அதுக்குத் தொழில் தெரியல."