உச்சியில் ஓர் அறை: திருச்சி மலைக்கோட்டையின் தங்கும் வசதிகள் குறித்த முதற்கட்ட ஆய்வு

அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கோடு ஐந்தாவதாக ஓர் உறுதிப்பொருள் அண்மைக் காலத்தில் சேர்ந்திருக்கிறது. கிரேக்க நாட்டில் சாண்டோரினி என்றொரு தீவு. அதன் செங்குத்துப் பாறை விளிம்பில் ஒரு சொகுசு விடுதி. அதில் சில இரவுகள். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், எட்டிப் பார்த்தால் கீழே கடல். அறை வாசலிலேயே நீச்சல் குளம். அதன் விளிம்பு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. குளத்தில் ஒரு தட்டு மிதக்கும், தட்டில் காலைப் பலகாரம் இருக்கும். உறவுக்காரப் பிள்ளைகள் கல்யாணமான கையோடு போய்வந்து இவற்றையெல்லாம் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வரிசையாகப் போடுகிறார்கள். இக்கட்டுரையாளருக்கு அதில் பொறாமை ஏதும் இல்லை. ஆய்வு நோக்கு மட்டுமே உண்டு.

கருதுகோள் இது: மேற்படி வசதிகள் அனைத்தும் திருச்சிராப்பள்ளியில் குறைந்தது ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக உள்ளன, அறை மட்டும் நமக்குக் கிடைக்காது. ஆய்வெல்லை: தெற்கே தெப்பக்குளம், வடக்கே கொள்ளிடம்.

முதலில் ஒரு நிலவியல் சிக்கலைத் தீர்த்துவிட வேண்டும். சாண்டோரினியில் சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, நடுப்பகுதி கடலுக்குள் இறங்கி, ஓரம் மட்டும் மிஞ்சியது. ஆகவே அங்கே பாறையும் தீவும் ஒரே பட்டாவில் வருகின்றன. நம் ஊரில் பாறை காவிரியின் தென்கரையில். தீவு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே. பாறை உள்ளவனுக்குத் தீவு இல்லை, தீவு உள்ளவனுக்குப் பாறை இல்லை.

இந்தக் குறையை ஸ்ரீரங்கம் வெகுகாலம் பொறுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. விஜயநகரத்தார் காலத்தில் தெற்கு வாசலில் ராயர் கோபுரம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அது சுமார் நானூறு ஆண்டுகள் மொட்டையாகவே நின்றது. 1987இல் அதைப் பதின்மூன்று நிலைகளாக, 236 அடிக்கு உயர்த்திக் குடமுழுக்கும் செய்தார்கள். மலைக்கோட்டையின் உயரம் 273 அடி. மிச்சமுள்ள 37 அடியை வடக்கு ஆண்டார் வீதிக்காரர்கள் பேச்சுவாக்கில் எங்காவது நுழைக்காமல் விடுவதில்லை. “உங்களது தானா முளைச்சது, எங்களது நாங்க கட்டினது” என்பது மாம்பழச் சாலைக்கு வடக்கே வழங்கும் மறுமொழி. இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் துணிவு இவ்வாய்வுக்கு இல்லை. இரு கரையிலும் சம்பந்தி வீடுகள் இருக்கின்றன.

இனி, காட்சி. மலைவிளிம்பு விடுதியின் வாடகையில் பெரும்பங்கு ஜன்னலுக்குத்தான், கட்டிலுக்கு அல்ல. ஜன்னலுக்காக அறை கேட்ட முதல் ஆவணம் எது என்று தேடினால், தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிக்கு ஏறும் வழியிலுள்ள பல்லவர் குகைக்கு வந்து சேர்கிறோம். லலிதாங்குர பல்லவேஸ்வரக் கிருகம் என்பது அதன் பெயர். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அங்கே தூண்களில் வடமொழிச் செய்யுள்கள் வெட்டப்பட்டுள்ளன. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் அவற்றைப் படித்து, 1890இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் சேர்த்தார்.

செய்யுளின் செய்தி இதுதான். தரையிலுள்ள கோயில் ஒன்றில் இருந்துகொண்டு நான் சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பது என்று சிவபெருமான் கேட்கிறார். அரசன் உடனே மலைமேல் இந்த இடத்தைக் கொடுக்கிறான். இதை இன்று ரிவர் வியூ ரூம் என்கிறார்கள். கேட்டவர் கடவுள், கொடுத்தவர் அரசர் என்பதால் வாடகை பேசப்படவில்லை. பிற எல்லா அம்சங்களும் பொருந்துகின்றன.

மற்றொரு செய்யுள் இன்னும் முக்கியமானது. ஆறுகள் மீது அவருக்கு உள்ள பிரியம் உலகறிந்தது. ஏற்கெனவே ஒருத்தி தலைமேல் இருக்கிறாள். இப்போது ஜன்னலைத் திறந்தால் சோலைகளை மாலையாகச் சூடிக்கொண்டு காவிரி ஓடுகிறாள். இது சரிப்படாது என்று பார்வதி பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பி இந்த மலைக்கே நிரந்தரமாக வந்துவிட்டாளாம்; வந்தவள் சும்மா இருக்காமல், இந்த ஆறு பல்லவ மன்னனுக்கு உரியவள் என்றும் சொல்லிவைக்கிறாளாம். ஒருவர் பெயரில் அறை போட்டு, பின்னால் மனைவியும் வந்து சேர்ந்ததற்கு இதைவிடப் பழைய சான்று கிடைக்கும்வரை இதையே முதற்சான்றாகக் கொள்ளலாம். அம்மையின் சந்தேகத்தைக் குறைசொல்லவும் முடியாது. அந்தக் குகையின் சுவரில் செதுக்கியிருப்பதே கங்காதரர் சிற்பம்தான். சடையை விரித்துக் கங்கையை வாங்கிக்கொண்டிருக்கிறார். அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அது.

(சோழநாட்டு ஆற்றைப் பல்லவன் தன் மனைவி என்று கல்லில் வெட்டிக்கொண்டதைச் சோழர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. காவிரி யாருடையது என்ற கேள்விக்கு அப்போதும் நடுவர் மன்றம் தேவைப்பட்டிருக்கும்.)

சாண்டோரினி விடுதிகள் அதிகம் விற்பது அஸ்தமனத்தை. மேற்கு பார்த்த அறை என்றால் விலை ஏறும். இதே மலையில் தாயுமானவர் மேற்கு நோக்கித்தான் இருக்கிறார். காரணம் வேறு. சாரமா முனிவரின் நந்தவனத்துச் செவ்வந்திப் பூக்கள் களவுபோய் உறையூர் அரண்மனைக்குப் போக, முனிவர் முறையிட, சுவாமி உறையூர்ப் பக்கம் திரும்பி மண்மாரி பெய்வித்தார் என்கிறது தலபுராணம். கோபத்தில் திரும்பியவர் அப்படியே இருந்துவிட்டார். அஸ்தமனம் அவருக்கு உபரி வரவு.

பணியாளர் சேவை பற்றியும் அங்கேயே ஒரு சான்று உண்டு. பிரசவத்துக்குத் துணையாக வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, சுவாமியே தாயின் உருவில் வந்து மகள் ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து அசல் அம்மா வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு அம்மா. மணியடித்தால் வெந்நீர் கொண்டுவரும் விடுதிகளைப் புகழ்வோர் இதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

படுக்கைகளுக்கு வருவோம். பல்லவனுக்கு முன்பே இந்தப் பாறையில் சமண முனிவர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் படுத்த இடங்கள் கல்லில் இழைத்து, தலைமாட்டைச் சற்றே மேடாக விட்டவை. அந்த மேடுதான் தலையணை. சில இடங்களில் பெயரும் வெட்டியிருக்கிறது. அதற்குப்பின் நிர்வாக மாற்றம். மகேந்திரவர்மன் சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்தவன் என்பது மரபு. மாற்று வழியிலிருந்து திரும்பியவன் என்று இந்தக் குகைக் கல்வெட்டே சொல்கிறது.

சாண்டோரினியின் குகை அறைகளும் தொடக்கத்தில் சொகுசுக்காகத் தோன்றியவை அல்ல. ஈயா என்ற ஊரில் எரிமலைச் சாம்பல் இறுகிய சரிவைக் குடைந்து மாலுமிகளும் ஏழைகளும் குடியிருந்தார்கள். கப்பல் தலைவர்கள் மேலே மாளிகை கட்டிக்கொண்டார்கள். 1956 நிலநடுக்கத்தில் ஊரே இடிந்து, பலர் வெளியேறினார்கள். பிறகு கிரேக்க அரசின் சுற்றுலாத் துறை சில குகைகளைப் பழுதுபார்த்து விருந்தினர்க்கு விட்டது. அப்படியே படிப்படியாக ஏழையின் பொந்து தேனிலவு ஸ்வீட் ஆனது. நம் முனிவரின் கல்மெத்தை மட்டும் கல்லாகவே இருக்கிறது. அதன்மேல் எவரும் ஸ்பிரிங் மெத்தை போட்டு ஜகூஸி வைக்காததை இவ்வாய்வு மனமாரப் பாராட்டுகிறது.

மனிதர் தங்கும் நிலை பற்றிக் களஆய்வு தேவைப்பட்டது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு லாட்ஜ். வரவேற்பில் இருந்தவர் லெட்ஜரில் எங்கிருந்து வருகை, எங்கே செல்கை, என்ன காரியம் என்ற கட்டங்களை நிரப்பச் சொல்லி, ஆதார் ஜெராக்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

“மலைக்கோட்டை தெரியற மாதிரி ரூம் இருக்காங்க?”

“எல்லா ரூம்லயும் தெரியும் சார்.”

தெரிந்தது. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், ஒரு பாத்திரக்கடைக் காலண்டரில், உச்சிப்பிள்ளையார் கோயிலோடு முழு மலையும் தெரிந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் ஏசி வெளிப்பெட்டி. அது விட்ட மூச்சு நேரே முகத்தில் அடித்தது. குளியலறையில் சிவப்பு பிளாஸ்டிக் வாளி, அதற்குச் சம்பந்தமில்லாத பச்சை மக்கு. வெந்நீர் ஆறு முதல் எட்டு வரை. முறையிட்டதும் அவர் சங்கடப்படாமல் சொன்னார்: “மொட்டை மாடிக்குப் போங்க சார். துணி காயுது, குனிஞ்சு போங்க.” குனிந்து போனால், வரிசையாக உலரும் போர்வைகளுக்கும் தண்ணீர் டாங்கிக்கும் நடுவே, விளக்கு போட்ட மலை அப்படியே எழுந்து நின்றது. ஈயாவில் இந்தக் கோணத்துக்கு என்ன வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடாமலே இருந்திருக்கலாம்.

தீவுப் பக்கம் ஒரே ஒரு நீண்டகால விருந்தாளி, ஸ்ரீரங்கத்துப் பெருமாள். அவர் வந்து சேர்ந்த வரலாற்றுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. தென்கரைப் பாடத்தின்படி, அயோத்தியிலிருந்து ரங்க விமானத்தோடு இலங்கைக்குப் போன விபீஷணன், காவிரியில் நீராட இறங்கும்போது ஒரு சிறுவனிடம் அதைக் கொடுத்தான், சிறுவன் கீழே வைத்துவிட்டான், பெயர்க்க முடியவில்லை. வடகரைப் பாடத்தில் சிறுவனே கிடையாது. தர்மவர்மச் சோழன் எடுத்த விழாவுக்காக விபீஷணனே இறக்கிவைத்தான், பெருமாள் இங்கேயே இருந்துவிட்டார். எந்தப் பாடமானாலும் ஓரிரவுத் தங்கல் நிரந்தரமானது. விபீஷணனைச் சமாதானப்படுத்த அவன் ஊர் இருக்கும் தென்திசை பார்த்துப் படுத்திருக்கிறார்.

அவருக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால் எந்த நட்சத்திர விடுதியும் கூசும். விடியற்காலை விசுவரூபத்தில் எழுப்ப யானையும் பசுவும் வருகின்றன. பெருமாள்மேல் காதல்கொண்ட சுல்தான் மகளாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாரை முன்னிட்டு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். இதைக் கான்டினென்டல் பிரேக்ஃபாஸ்ட் என்று சொல்லத் தயக்கம் வேண்டாம். திருமஞ்சனத் தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில். ஐப்பசியில் மட்டும் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல். ஆறே இல்லாத சாண்டோரினியில் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்தும், கடல்நீரைக் குடிநீராக்கியும் காலம் தள்ளுகிறார்கள். இங்கே கைசிக ஏகாதசி இரவில் பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுகிறார்கள். ஆண்டுக்கான துணிமணிக் கணக்கு ஒரே இரவில் தீர்ந்தது. இரவு படுக்கும் முன் அரவணை. ஒருமுறை நெடுங்காலம் அறையைக் காலிசெய்ய நேர்ந்தது. 1323இல் தில்லிப் படை வந்தபோது மூலவர் சந்நிதிக்குச் சுவரெழுப்பி, உற்சவரைப் பிள்ளை லோகாச்சாரியர் தெற்கே எடுத்துப் போனார். 1371இல் உற்சவர் திரும்பி வந்தார். இடைப்பட்ட 48 ஆண்டும் அறை வேறு யாருக்கும் தரப்படவில்லை.

நீச்சல் குளம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாறை உச்சியில் நின்றால் விளிம்பு தெரியாத குளமாகக் காவிரி இருக்கிறது. ஆனால் குளம் நிரம்ப மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு திறக்க வேண்டும், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். மே மாதத்தில் குளத்துக்குள் கிரிக்கெட் நடக்கும்.

எஞ்சியிருப்பது ஏறும் வழி. சாண்டோரினியின் ஃபிரா ஊரில் துறைமுகத்திலிருந்து மேலே வர ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். முடியாதவர்க்குக் கழுதையும் கேபிள் காரும் உண்டு. மலைக்கோட்டையில் 417 என்பது பொதுவழக்கு; எண்ணிக்கொண்டே ஏறியவர்கள் பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, எழும்போது எண்ணை மறந்துவிடுவதால் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. உச்சியில் இருக்கும் பிள்ளையார் தென்கரைப் பாடத்தின் அதே சிறுவன்தான். விபீஷணன் துரத்த, ஓடி ஏறிப் பாறை முனையில் உட்கார்ந்தவர். குட்டு வாங்கிய தழும்பு நெற்றியில் இருப்பதாகச் சொல்வார்கள். அதாவது தீவு அறையும் உச்சி அறையும் ஒரே நாளில், ஒரே தகராறில் நிரம்பியவை. அன்றிலிருந்து இரண்டும் வேறு எவருக்கும் கிடைக்கவில்லை. நாம் தரிசனம் முடித்து, நடை சாத்துமுன் இறங்கிவிட வேண்டும்.

அவருக்கான அறைச் சேவை விநாயக சதுர்த்தியன்று நடக்கிறது. 150 கிலோ கொழுக்கட்டை. மடைப்பள்ளியில் பெரிதாக ஆவியில் வெந்ததை வேட்டித் துணியில் தூளி கட்டி, கம்பில் கோத்துத் தோளில் சுமந்து படியேறுகிறார்கள். முன்னால் போகிறவர் குனிந்தும் பின்னால் வருகிறவர் நிமிர்ந்தும் நடந்தால்தான் தூளி சமநிலையில் வரும். திருப்பத்தில் சுவரில் இடிக்காமல் இருக்க யாராவது ஒருவர் ஓரம், ஓரம் என்று கத்த வேண்டும். கழுதை எதுவும் உபயோகத்தில் இல்லை. ஆனால் மேலே போவது 75 கிலோதான். மீதி 75 கிலோ, அடிவாரத்தில் ஒரு படியும் ஏறாமல் அமர்ந்திருக்கும் மாணிக்க விநாயகருக்கு. தரைத்தள அறைக்கும் உச்சி அறைக்கும் ஒரே அளவில் உணவு வழங்கும் விடுதி வேறெங்கேனும் உண்டா என்பதைக் கிரேக்க நாட்டிற்கே சென்று விசாரிக்க இவ்வாய்வாளர் தயாராக இருக்கிறார். நிதியுதவி அளிக்க விரும்புவோர் விமான டிக்கெட்டையும், மேற்கு பார்த்த அறைக்கான முன்பணத்தையும் தனித்தனியாக அனுப்பலாம்.