சாணி தொடாத கேஸு

வா கண்ணு, உக்காரு. மொட்டை மாடியில கேஸ் தொட்டி வெச்சிருக்கியாமா? ரிப்பன் வெட்டிப் போட்டோ எல்லாம் புடிச்சீங்களாமா? செரி, அடுப்பு எரியுதா? அதைக் கேட்டா மட்டும் ஏன் தலையைச் சொறியறே?

என்னமோ நேத்துக் கண்டுபுடிச்சாப்பல பேசறே. 1960கள்லயே கதர் கிராமத் தொழில் ஆணையம் இரும்பு டிரம்மைக் கவுத்துச் சாணி கேஸ் எரிய வெச்சுது. டிரம்மு துருப்புடிக்குது, காசு அதிகம்னாங்க. 1984ல செங்கல்லுல கவுத்த சட்டியாட்டக் கட்டி 'தீனபந்து'ன்னாங்க. 2018ல 'கோபர்தன்'னு திட்டம். பேருதான் மாறுது. சாணியை ஆராச்சும் மாத்தினாங்களா?

நீ அந்தச் சாணியே போடாம, கல்யாணத்துல மிஞ்சுன பிரியாணி, பாயாசம் அத்தனையும் ஒரே நாள்ல கொட்டியிருப்பே. இல்லேன்னு சொல்லு பாக்கலாம்! வைக்கோல் திங்கற மாடு ஒறம்பரை ஊட்டுச் சோத்துக் குண்டாவுல வாயை வுட்டா என்னாகும்? வயிறு புளிச்சு உப்பிப் படுத்துக்கும். உன்ற தொட்டிக்கும் அதே நோவுதான். சோறு மொதல்ல புளிக்கும். அந்தப் புளிப்பைத் தின்னு மீத்தேன் வுடற கிருமிங்க மெதுவாத்தான் வேலை பாக்கும். புளிப்பு மிஞ்சுனா அதுங்க சுருண்டுக்கும். அப்புறம் வர்றதுல பாதிக்கு மேல கரியமில வாயு. ஒரு பொட்டி தீக்குச்சி கிழிச்சாலும் புடிக்குமா?

சோத்தைக் கொறை சொல்லலை. எடைக்கு எடை சாணியை வுட அதுதான் கேஸு அதிகம் தரும். சாணின்னா மாடு தன் பங்கை எடுத்துட்டுக் குடுத்த மிச்சந்தானே? ஆனா அந்த மிச்சத்தோட கிருமியும் வருது பாரு. அதனால மொதல்ல சாணியும் தண்ணியும் சரிபாதி கரைச்சு ஊத்தி ரெண்டு மூணு வாரம் சும்மா இருக்கோணும். பொறவு தெனம் கொஞ்சமாச் சோறு, காய்த்தோல். எலுமிச்சைத் தோலு, எலும்பு வேண்டாம். இதுக்கு செல்போன்ல ஆப்பு வேற எதுக்குடா?

அப்பறம், வெளிய வர்ற கரைசலைக் கக்கூசுல ஊத்தறியாமா? அடப் பாவி! தழைச்சத்து பூராவும் அதுலதான் நிக்குது. என்ற வாழைக்குக் கொண்டாந்து ஊத்து, வேண்டாங்கலை.

சாணி வேணும்னா நாளைக்கு விடியக்காலம் வா. கட்டுத்தரை கூட்டற ஆளு வரலை. கூடை நான் தாரேன், விளக்குமாறும் நானே தாரேன். அந்த வெள்ளைச் சட்டையை மட்டும் போட்டுக்கிட்டு வந்துறாதே.