முதல் படி குட்டை, கடைசிப் படி நெட்டை

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி விழுப்புரத்தை விட்டுப் பிரிந்து தனி மாவட்டமாக நடக்க ஆரம்பித்தது. அதனால் ஊருக்கு என்ன வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் மாடிப்படி வந்தது என்பேன். ஆட்சியர் அலுவலகம் வந்தால் பின்னாலேயே அதிகாரிகள் வருவார்கள், அதிகாரிகளுக்கு வாடகை வீடு வேண்டும், வாடகைக்கு விட மாடி வேண்டும். பக்கத்து மனையை வாங்க வசதியில்லாதவர்கள் எல்லாம் தலைக்கு மேல் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான், குடிவருகிறவர் எந்த வழியாக மேலே போவார் என்ற யோசனை வந்தது. உடனே தெருவிலிருந்தே படியைத் தூக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் முதல் மூன்று படி நகராட்சிக்குச் சொந்தம். நாலாவது படியிலிருந்துதான் பட்டா.

எங்களுடையது தாத்தா கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி நாலு மரத்தூண். தூணெல்லாம் கல்வராயன் மலையில் வெட்டி மாட்டுவண்டியில் கொண்டுவந்ததாக வீட்டு வரலாறு சொல்கிறது. கள்ளக்குறிச்சியில் எந்தப் பழைய வீட்டுத் தூணைத் தட்டினாலும் இதே வரலாறுதான் சொல்லும். எல்லாம் நிஜமென்றால் மலையில் இன்றைக்கு ஒரு மரம்கூட மிஞ்சியிருக்க முடியாது. கூரையில் இருப்பது சீமை ஓடு. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை வைத்து இந்த ரக ஓட்டைச் சுடத் தொடங்கினார்கள். வேதத்தைப் பரப்ப வந்தவர்கள் கூரையைப் பரப்பிவிட்டுப் போனார்கள். இரண்டில் எது நம் ஊர்ப்பக்கம் அதிகம் ஒழுகாமல் நின்றது என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை.

இந்த வீட்டைப் புதுப்பித்து மேலே ஒரு மாடி எடுப்பது என்று முடிவானதும், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தினம் ராத்திரி படம் அனுப்ப ஆரம்பித்தாள். 'டிரான்சிஷனல் ஸ்டைல்' என்றாள். பழசையும் விடக்கூடாதாம், புதுசும் வேண்டுமாம். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, நடுவே தாத்தா காலத்துப் பெட்டி ஒன்று தேமே என்று உட்கார்ந்திருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "இதத்தானடா நாம காலங்காலமா செஞ்சுக்கிட்டிருக்கோம்?"

உண்மைதான். எங்கள் ஊரில் யாரும் வீட்டை மொத்தமாக இடித்துக் கட்டியதில்லை. நெல் நன்றாக விளைந்த வருஷம் ஓர் அறை, கரும்புப் பணம் கைக்கு வந்த வருஷம் ஒரு குளியலறை, மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் முன்பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட். முன்னால் ஓடு, பின்னால் தளம், இரண்டுக்கும் நடுவே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. அதற்கு யாரும் ஆங்கிலப் பெயர் வைக்கவில்லை, சதுர அடிக்கு இவ்வளவு என்று கட்டணமும் கேட்கவில்லை.

மகள் ஏற்பாட்டில் ஒரு டிசைனர் தம்பி வந்தார். நல்ல பிள்ளை. வந்ததும் அம்மா காலில் விழுந்து கும்பிட்டார். அப்புறம் மடிக்கணினியைத் திறந்து மிதக்கும் படிக்கட்டைக் காட்டினார். சுவரிலிருந்து பலகை பலகையாக நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் தாங்கல் எதுவும் தெரியாது, ஓரத்தில் கைப்பிடிக்குக் கண்ணாடி.

"ஏம்ப்பா, படிக்கும் படிக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லியே, கால் உள்ள போயிடாதா?"

"அதுதாம்மா அழகு. காத்தும் வெளிச்சமும் நல்லா வரும்."

"அதுக்குத்தான் ஜன்னல் வச்சிருக்குதே. சரி, படிக்குக் கீழ என்னா வைக்கலாம்?"

"ஒண்ணும் வைக்கக் கூடாதும்மா. காலியா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். வேணும்னா ஒரு செடி வைக்கலாம்."

அம்மா அந்தப் பையனை இரக்கத்தோடு பார்த்தாள். மாடிப்படி மேலே ஏறுவதற்காகக் கட்டப்படுவது என்று நினைப்பவருக்குப் பாதி விஷயம்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் படிக்கு அடியில்தான் குடும்பமே இருக்கிறது: மல்லாட்டை மூட்டை, இன்வர்ட்டர், காலி சிலிண்டர், சைக்கிள், வாரண்டி முடிந்து வருஷக்கணக்கான டிவியின் அட்டைப்பெட்டி, உடம்பு இளைக்க வாங்கித் துணி காயப்போடப் பயன்படும் நடை இயந்திரம். மிதக்கும் படி போட்டால் இவ்வளவும் நடுக்கூடத்தில் மிதக்கும்.

அம்மா அடுத்ததாக பீரோவை எடுத்தாள். ஆறரை அடி இரும்பு பீரோ. படி திரும்பும் இடத்தில் பீரோ திரும்புமா? தம்பி, கழற்றி மாட்டும் அலமாரி வாங்கிக்கொள்ளலாம் என்றார். "சரி, பீரோவ வுடு. நான் மேல படுத்திருக்கும்போது போயிட்டா எப்பிடி எறக்குவீங்க?" தம்பி தண்ணீர் கேட்டார். அவர் படித்த கல்லூரியில் இந்தக் கேள்வி வந்திருக்காது. வந்திருக்க வேண்டும். நீட்டிப் படுத்திருப்பவரை நிமிர்த்தாமல், கவிழ்க்காமல் கீழே கொண்டுவர, திருப்பத்தில் உள்ள லேண்டிங் படியின் அகலத்துக்குக் குறையவே கூடாது. பிரசவ வலியில் இறங்குகிறவளுக்கும் நெஞ்சுவலியில் இறக்கப்படுகிறவருக்கும் இதே கணக்குத்தான். படத்தில் வரும் படிக்கட்டுகளில் எப்போதும் ஒல்லியான பெண் ஒருத்தி காப்பிக் கோப்பையோடு இறங்கி வருகிறாள். அவள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை.

தம்பி போனதும் வாஸ்து பார்க்கும் பெரியவர் வந்தார். ஈசானிய மூலையில் படி ஆகாது, தெற்கிலோ மேற்கிலோ இருக்கட்டும், நைருதி உத்தமம், ஏறும்போது வலப்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்றார். இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெயில் காயும் பக்கத்தில் படியைத் தள்ளிவிட்டால் அறைக்குள் சூடு குறையும். ஆனால் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் முடிய வேண்டும் என்றார். முதல் படி லாபம், இரண்டாவது நட்டம், மூன்றாவது லாபம் என்று எண்ணிக்கொண்டே ஏறி லாபத்தில் கால் வைத்து மாடிக்குள் போக வேண்டுமாம்.

சுவாமிமலையில் தமிழ் வருஷத்துக்கு ஒன்றாக 60 படி, சபரிமலையில் 18 படி. இரண்டும் இரட்டைப்படை. முருகனும் ஐயப்பனும் நட்டத்தில் நடத்துவதாகத் தெரியவில்லையே என்று கேட்டேன். "அது சாமிக்கு, இது ஆசாமிக்கு" என்றார். நம் மாவட்டத்திலேயே திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நிற்கிறார், அவர் வைத்தது மூன்றே அடி, சுத்தமான ஒற்றைப்படை, பார்த்தீர்களா என்று அவரே எடுத்துக் கொடுத்தார். பார்த்தேன். பெருமாளுக்கு லாபம்தான். இடம் கொடுத்த மாவலிதான் பாதாளத்துக்குப் போனான்.

இந்த வழக்கைத் தீர்த்துவைத்தது வகுத்தல் கணக்கு. தளத்துக்குத் தளம் பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். ஒரு படிக்கு 7 அங்குல உயரம் வைத்தால் 18 ஏற்றம் வரும். ஆனால் கால் வைத்து மிதிக்கும் இடம் 17தான். பதினெட்டாவது ஏற்றத்தில் மாடித் தரையே வந்துவிடும். பெரியவருக்கு 17ஐக் காட்டினேன், மேஸ்திரிக்கு 18ஐக் காட்டினேன். இருவருமே தாங்கள் சொன்னபடிதான் நடக்கிறது என்று திருப்தியோடு போனார்கள்.

7 அங்குலம் எங்கிருந்து வந்தது என்றால், அதற்கு இரண்டு ஊற்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிளாண்டெல் என்ற கட்டடக் கலைஞர் மனிதனின் நடையை வைத்து ஒரு வாய்பாடு சொன்னார்: படியின் உயரத்தை இரட்டித்து மிதியின் அகலத்தைக் கூட்டினால் இரண்டடி வர வேண்டும். ஏழிரண்டு பதினாலு, மிதி பத்து, ஆக 24 அங்குலம். நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் கிட்டத்தட்ட இதையே வேறு மாதிரி சொல்கிறது. வீடுகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதி 250க்குக் குறையக் கூடாது, ஒரே மூச்சில் அளவுக்கு மேல் ஏற்றம் வைக்கக் கூடாது. எங்கள் மேஸ்திரிக்கு பிளாண்டெலும் தெரியாது, விதித்தொகுப்பும் தெரியாது. "ரெண்டு வரி செங்கல், சார், நடுவுல கலவ. அதுக்கு மேல போனா ஆயாவுக்கு முட்டி தாங்காது" என்றார். அளந்து பார்த்தால் சரியாக 7 அங்குலம்.

இந்த 7 எல்லாப் படியிலும் 7ஆக இருக்கிறதா என்பதில்தான் எங்கள் ஊர் கோட்டைவிடுகிறது. மூன்று வீடு தள்ளி ஒரு வீட்டைப் புதுப்பித்தார்கள். மேஸ்திரி நூல் பிடித்து எல்லாப் படியையும் சமமாகத்தான் போட்டார். பிறகு டைல்ஸ் ஒட்டுகிறவர் வந்தார். பழைய சிவப்புச் சிமெண்டுத் தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே கலவை கொட்டி டைல்ஸ் பதித்ததில் கீழ்த்தரை 2 அங்குலம் உயர்ந்தது. மேல்தரையும் அப்படியே 2 அங்குலம். படிகளுக்கு மட்டும் கிரானைட், கல்லும் கலவையுமாக 1 அங்குலம். ஆக முதல் படி 6 அங்குலமாகக் குறுகியது, கடைசிப் படி 8 ஆக வளர்ந்தது, இடைப்பட்டதெல்லாம் 7 ஆகவே நின்றது. கிரகப்பிரவேசத்தன்று மாடியைப் பார்க்கப் போன அத்தனை பேரும் கடைசிப் படியில் மாடித் தரையை நோக்கி ஒரு கும்பிடு போட்டார்கள். சொம்போடு போன அத்தை சொம்பை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போனார். "கண்ணு பட்டிருச்சு" என்று முடிவு கட்டி, படிக்கு மேலே பூசணிக்காய் கட்டித் தொங்கவிட்டார்கள். இப்போது தடுக்கி நிமிர்கிறவர்களுக்குப் பூசணிக்காயும் தலையில் இடிக்கிறது.

அந்த வீட்டாரை மட்டும் சொல்வானேன்? நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியின் 36ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்தில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிட இம்மியளவு உயரமாக இருந்தது. அங்கே ஆள் மாற்றி ஆள் தடுக்குவதை 2012இல் ஒருவர் படமெடுத்து வெளியிட்டார். உலகமே பார்த்துச் சிரித்தது, அதற்கப்புறம்தான் படியைச் சரிசெய்தார்கள். இரண்டு படி ஏறியதுமே கால் உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. அடுத்த படியைக் கண் அதிகம் பார்ப்பதில்லை. வயதானவர்களைக் கீழே தள்ளச் செங்குத்தான படிதான் வேண்டும் என்பதில்லை, சமமில்லாத ஒற்றைப் படியே போதும்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது வெள்ளிமலையில் இருக்கும் ஆசிரிய நண்பர் தன் வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் மலைச்சாலை. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. 4,000 அடிக்கு 7 அங்குலப் படி போட்டால் எத்தனை வரும் என்று பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன், 6,857. ஒற்றைப்படை. பெரியவர் ஒப்புக்கொள்வார்.

நண்பருக்கு மாடிப்படிப் பிரச்சினையே இல்லை. சரிவில் கட்டிய வீடு. வாசல் கீழ்த்தெருவில் இருக்கிறது, மொட்டைமாடி மேல்தெருவுக்குச் சமமாக இருக்கிறது. மாடிக்குப் போக வேண்டுமென்றால் வீட்டை விட்டு வெளியே வந்து, ஊரைச் சுற்றி நடந்து, வழியில் டீ குடித்துவிட்டு, மேல்தெருவிலிருந்து ஓர் எட்டு வைத்தால் போதும். சாமை காயப்போட இதைவிட வசதி கிடையாது, ஆட்டுக்கும் இது தெரிந்திருக்கிறது என்பதுதான் ஒரே குறை. மணலும் ஜல்லியும் சிமெண்டும் லாரி வாடகையோடு மலையேறி வந்த விலையைக் கேட்டபோது, அவர் ஏன் படிக்கென்று ஒரு மூட்டையைக்கூடச் செலவழிக்கவில்லை என்பது புரிந்தது. அவருடைய பழைய கூரை வீடும் பக்கத்திலேயே இருக்கிறது. பரணுக்கு ஒரு மூங்கில் ஏணி. வேலை முடிந்தால் ஏணியை எடுத்துச் சாத்திவிடுவார்கள். இடம் அடைக்காத படிக்கட்டு என்று டிசைனர் தம்பி ஊரெல்லாம் தேடுவது இதைத்தான்.

கடைசியில் எங்கள் வீட்டுப் படி உள்ளேயா வெளியேயா என்று பஞ்சாயத்து நடந்தது. உள்ளே வைத்தால் அழகு, வெளியே வைத்தால் வாடகை. வாடகை ஜெயித்தது. பின்பக்கம், தென்மேற்கு மூலை, இரண்டு பக்கமும் பிடித்து ஏறச் சுவர், நடுவில் மூன்றடி ஆழத்துக்கு லேண்டிங், அடியில் மல்லாட்டை மூட்டை. கைப்பிடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அதை வைத்த வீடெல்லாம் பேங்க் கிளை மாதிரி இருக்கிறது, சித்திரையில் பிடித்தால் கை வெந்துபோகும். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சின்னசேலம் பக்கம் உளி பிடிக்கிறவர்கள் வீடு வீடாக இருக்கும்போது வெளியூர்க் குழாயை எதற்கு வாங்க வேண்டும்? ஓர் ஆசாரி வந்து தேக்கில் கைப்பிடியும், அதன் அடியில் சின்னதாக ஒரு யாளியும் செதுக்கிக் கொடுத்தார். டிசைனர் தம்பி, வாசலில் இருந்த பழைய கஜலட்சுமி நிலையைப் பெயர்த்துக் கூடத்துச் சுவரில் மாட்டலாம் என்று போனில் யோசனை சொன்னார். லட்சுமியை வாசலிலிருந்து எடுத்தால் அவள் வேறு வாசலுக்குப் போய்விடுவாள் என்று அம்மா பதில் சொல்லச் சொன்னாள்.

தேக்குக் கைப்பிடி மழையில் நனையக் கூடாது. அதனால் மாடி எடுப்பதற்காகப் பின்கட்டிலிருந்து இறக்கிய சீமை ஓட்டையே படிக்கு மேலே கூரையாக வேய்ந்தோம். அடியில் கான்கிரீட், நடுவில் யாளி, மேலே மங்களூர் ஓடு. மகள் படமெடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். டிசைனர் யார் என்று கேட்டுப் பதில் வந்துகொண்டே இருந்தது.

வீடு புதுப்பிக்கிறவர்கள் எது செய்தாலும் செய்யாவிட்டாலும் சரி. தளத்துக்குக் கம்பி கட்டும் முன்னாலேயே தரைக்கு என்ன டைல்ஸ், படிக்கு என்ன கல், கலவையோடு சேர்த்து ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்று முடிவு செய்து மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் டேப் வைத்து முதல் படி, நடுப் படி, கடைசிப் படி மூன்றையும் அளங்கள். வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டினால் பணத்தை மடியிலேயே வையுங்கள். பூசணிக்காய் வாங்கப் போகாதீர்கள்.